தகுதியும் பிணியும்

1

'தகுதி' என்ற சொல் இன்று தமிழில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. விண்ணப்பத்தில் கேட்டிருக்கும் நிபந்தனைகள் ஒருவனுக்குப் பொருந்தி வந்தால் அதைத் தகுதி என்கிறோம். ஒன்றைப் பெறுவதற்கு அவன் அருகதை உள்ளவன் என்று நினைக்கும்போதும் தகுதி என்றே சொல்கிறோம். முதலாவது குமாஸ்தாவின் சொல். இரண்டாவது நீதிபதியின் சொல். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆனால் சொற்கள் தனியாக இருப்பதால் மட்டும் காரியங்கள் தனித்து நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவில் ஏழைகளுக்கென்று ஏற்பட்ட அரசு மருத்துவக் காப்பீட்டின் அறுபது வருஷச் சரித்திரத்தைப் பார்த்தால், குமாஸ்தாவின் நாற்காலியில் நீதிபதி திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வதன் சரித்திரமாகவே அது தோன்றுகிறது.

இந்த உதாரணத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஏழை நாடு ஒன்றில் நோயாளிக்குச் சிகிச்சை மறுக்கப்படும்போது, பணமில்லை என்ற பதில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பல சமயம் அது உண்மையாகவும் இருந்துவிடுவதால், அதற்குப் பின்னால் இருக்கும் மனோபாவத்தை நாம் பார்க்காமலே போய்விடுகிறோம். பணம் இருக்கும் நாட்டில் இந்தத் திரை கிடையாது. கேள்வி அங்கே அப்பட்டமாக நிற்கிறது: ஒருவன் சிகிச்சை பெறுவதற்கு, அவன் நோயுற்றவன், ஏழை என்ற இரண்டும் போதுமா, இன்னும் ஏதாவது வேண்டுமா?

1965 ஜூலை 30 அன்று மிஸூரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் நகரில், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் பக்கத்தில் அமர்ந்திருக்க, லிண்டன் ஜான்ஸன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. 65 வயது கடந்தவர்களுக்கு மெடிகேர். ஏழைகளுக்கு மெடிகெய்டு. ஒரே சட்டத்தில் பிறந்தாலும் இவை இரண்டின் ஜாதகமும் ஒன்றல்ல. மெடிகேருக்காக ஒருவனின் சம்பளத்திலிருந்து வேலை செய்யும் காலமெல்லாம் பிடித்தம் செய்கிறார்கள். ஆகவே அது அவன் சம்பாதித்த பாத்தியதையாகக் கருதப்பட்டது. மெடிகெய்டு, மத்திய அரசும் மாநிலங்களும் பொது வருவாயிலிருந்து சேர்ந்து கொடுப்பது. ஆகவே கொடுக்கிறவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு என்று கருதப்பட்டது.

கேள்விகள் ஆரம்பத்திலிருந்தே இருந்தன. வறுமை மட்டும் போதாது. குழந்தையாகவோ, குழந்தைகளை வளர்க்கும் ஆதரவற்ற தாயாகவோ, பார்வையிழந்தவராகவோ, உடல் ஊனமுற்றவராகவோ, முதியவராகவோ இருக்க வேண்டும். இந்த வகைகளில் அடங்காதவன் எவ்வளவு பரம ஏழையானாலும் பொதுவாக அவனுக்கு இடமில்லை. அதாவது தகுதி அளித்தது வறுமை அல்ல, மன்னிக்கப்பட்ட வறுமை. இந்தப் பாகுபாடு அமெரிக்காவின் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. உதவி பெறுகிறவனின் நிலை, உழைத்துப் பிழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பதை ஒரு கொள்கையாகவே வைத்துக்கொண்டது 1834இல் இங்கிலாந்து இயற்றிய ஏழைகள் சட்டம். அதன் சாயை அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து நீண்ட நாள் இருந்தது.

2010இல் வந்த சட்டம் இந்த வகைகளைக் கடந்துபோக முயன்றது. வறுமைக் கோட்டின் 138 சதவீதத்துக்கு உட்பட்ட வருமானம் இருந்தால் போதும், வேறு அடையாளம் வேண்டாம் என்றது. 2012இல் உச்ச நீதிமன்றம் இதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. 2025 முடியும்போதும் பத்து மாநிலங்கள் ஏற்காமல் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. தனியார் காப்பீடு வாங்க மத்திய அரசு தரும் மானியம் வறுமைக் கோட்டிலிருந்து மேல்நோக்கித்தான் ஆரம்பிக்கிறது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை மெடிகெய்டு பார்த்துக்கொள்ளும் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பியிருந்தார்கள். மாநிலம் மறுத்துவிட்டதால், கோட்டுக்குக் கீழே இருப்பவனுக்கு இரண்டும் இல்லை. உதவி பெற வேண்டிய அளவுக்கு அவனிடம் வருமானம் இல்லை என்பதே அவன் குறை.

2

2008இல் ஆரிகன் மாநிலத்தில் நடந்தது தத்துவ மாணவர்கள் கற்பனையில் அமைத்துப் பார்க்கும் பிரச்சினைகளைப் போன்றது. வேறு வகைகளில் அடங்காத ஏழைகளுக்காக அந்த மாநிலம் வைத்திருந்த திட்டம் 2004 முதல் புதியவர்களைச் சேர்க்கவில்லை. 2008இல் சுமார் 10,000 பேரைச் சேர்க்கப் பணம் இருந்தது. பெயர் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர். யாரை எடுப்பது? மாநிலம் குலுக்கல் போட்டது.

குலுக்கலைக் கேட்டதும் நமக்கு அருவருப்பு ஏற்படுகிறது. உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயத்தைச் சீட்டுக்கு விடலாமா? ஆனால் கொஞ்சம் நிதானித்தால் அதன் நேர்மை புலப்படும். குலுக்கல் யாரையும் தகுதியற்றவன் என்று சொல்வதில்லை. தோற்றவனுக்குக் கிடைக்காமல் போவது காப்பீடு மட்டுமே, மரியாதை போவதில்லை. இடம் பத்தாயிரம்தான் என்று தீர்மானித்ததில் அநியாயம் இருக்கிறது. அந்தப் பத்தாயிரத்தைப் பங்கிட்ட முறையில் அநியாயம் இல்லை. அநியாயத்தை மறைத்து வைக்க ஒரு நியாயம் கண்டுபிடிக்காதது அந்த முறையின் பெருமை.

சீட்டில் பெயர் வந்த பிறகும் குமாஸ்தா இருந்தார். படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும், வருமானம் சரிபார்க்கப்பட வேண்டும். தேர்வானவர்களில் நூற்றுக்குச் சுமார் முப்பது பேர்தான் கடைசியில் உள்ளே போனார்கள். பலர் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பியவர்களில் பாதிப் பேர் பெரும்பாலும் வருமானக் காரணத்தால் தள்ளப்பட்டார்கள்.

குலுக்கல் நடந்ததால் ஒரு சௌகரியமும் ஏற்பட்டது. காப்பீடு பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பிரித்தது சந்தர்ப்பம் மட்டுமே என்பதால், காப்பீடு என்னதான் செய்கிறது என்று சந்தேகத்துக்கு இடமின்றி ஒப்பிட முடிந்தது. ஏமி ஃபிங்கல்ஸ்டீன், கேதரின் பைக்கர் முதலிய பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் செய்தார்கள். 2013இல் வந்த முடிவு இரண்டு கட்சியினரையும் தொந்தரவு செய்தது. இரண்டு வருஷ முடிவில் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகிய அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. மனச்சோர்வு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. குடும்பத்தை மூழ்கடிக்கும் மருத்துவச் செலவு ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது.

எதிர்த்தவர்கள், பார்த்தீர்களா, ஒரு பிரயோஜனமும் இல்லை என்றார்கள். ஆதரித்தவர்கள், ஆய்வில் சேர்ந்தவர்கள் போதாது, இரண்டு வருஷம் குறைவு என்றார்கள். ஆதரித்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் மெடிகெய்டு பரவிய மாநிலங்களில் சாவுகள் குறைந்ததைக் காட்டின. ஆயினும் இரு சாராரும் பேசிய பாஷை ஒன்றுதான். ஏழையின் உடம்பு தன் அளவுகளைத் திருத்திக்கொண்டு, தனக்குச் செலவழித்தது வீணல்ல என்று சாட்சி சொல்ல வேண்டும் என்பதை இரு சாராருமே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

சம்பளக்காரனிடம் இந்தச் சாட்சியம் கேட்கப்படவில்லை. அமெரிக்காவில் முதலாளி தன் ஊழியனுக்குக் கட்டும் மருத்துவக் காப்பீட்டுத் தொகைக்கு வருமான வரி கிடையாது. 1954ஆம் வருஷ வரிச் சட்டம் இதை உறுதி செய்தது. அந்நாட்டு அரசு விட்டுக்கொடுக்கும் வரி வருவாய்களில் மிகப் பெரியவற்றில் இது ஒன்று. அதாவது அந்தக் காப்பீட்டிலும் பொதுப்பணம் இருக்கிறது. சம்பளம் உயர உயர வரி விகிதமும் உயர்வதால், அதிகம் சம்பாதிக்கிறவனுக்குச் சலுகையும் அதிகம். இந்தச் செலவால் அவனுடைய இரத்த அழுத்தம் இறங்கியதா என்று குலுக்கல் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. அவன் காப்பீடு அவன் வாழ்க்கையின் பகுதி. ஏழையின் காப்பீடு ஒரு பரிசோதனை.

ஆரிகன் ஆய்வில் இன்னொரு விஷயம் இருந்தது. அது அதிகம் பேசப்படவில்லை. காப்பீடு கிடைத்துச் சுமார் ஒரு மாதத்திலேயே, தங்கள் உடல்நலம் முன்னைவிடத் தேவலை என்று பலர் சொன்னார்கள். அப்போது அவர்கள் மருத்துவரிடம் போவது இன்னும் கூடியிருக்கவில்லை. மருந்து உள்ளே போகவில்லை, உடம்பு தேவலை. இதைப் பிரமை என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழைக்கு நோய் என்பது எப்போதும் இரண்டு நோய்கள். ஒன்று உடம்பில் இருப்பது. மற்றது, அது முற்றினால் யாரிடம் போய் நிற்பது, எதை விற்பது என்ற கணக்கு. இரண்டாவது நோய் முதல் நோய் வருவதற்கு முன்பே வந்து, அது போன பின்பும் இருக்கிறது. திருக்குறளில் 'இரவு' என்ற அதிகாரத்தை அடுத்து 'இரவச்சம்' என்று தனியாக ஓர் அதிகாரம் இருப்பதை நாம் சாதாரணமாகக் கடந்துபோய்விடுகிறோம். இரப்பது வேறு, இரக்க நேருமோ என்ற பயம் வேறு என்பது அங்கே தெரிந்திருக்கிறது. ஆரிகனில் ஒரு மாதத்தில் குணமானது இந்தப் பயம்தான் என்று நான் நினைக்கிறேன். காப்பீடு கொடுக்கும் முதல் சரக்கு அதுவே. மருந்து பிறகு வருகிறது.

3

அப்படியானால், கொடுத்த காப்பீட்டை நிபந்தனையில் தொங்கவிடுவது என்பது, மருந்தைக் கொடுத்துக்கொண்டே பயத்தைத் திருப்பிக் கொடுப்பதாகும். ஆர்கன்ஸா மாநிலம் 2018 ஜூனில் இதைச் செய்தது.

முதல் கட்டத்தில் 30 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கு இந்த விதி வந்தது. மாதம் 80 மணி நேரம் வேலையோ, படிப்போ, தொண்டோ செய்ய வேண்டும். செய்தால் மட்டும் போதாது, மாதாமாதம் அதை அறிவிக்க வேண்டும். ஒரு வருஷத்தில் மூன்று மாதம் தவறினால் அந்த வருஷம் முடியும்வரை காப்பீடு கிடையாது. ஆரம்பத்தில் இணையதளம் வழியாக மட்டுமே அறிவிக்க முடியும். அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 7 மணிக்குத் திறக்கும். பகலெல்லாம் உழைத்துவிட்டு, தான் உழைத்ததைச் சொல்ல இரவில் வருகிறவனிடம், உழைப்பே இல்லாத ஒரு இயந்திரம் தனக்கு நேரமாகிவிட்டது என்கிறது. இதை ஒரு கதையில் எழுதினால் மிகை என்று நாம் அடித்துவிடுவோம்.

வருஷக் கடைசிக்குள் 18,000க்கும் மேற்பட்டவர்கள் காப்பீட்டை இழந்தார்கள். பிறகு வந்த ஆய்வு, வேலையில் இருப்போர் எண்ணிக்கை கூடவில்லை என்றும், விதிக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே அந்த அளவு உழைத்துக்கொண்டோ, விலக்குப் பெறக்கூடிய நிலையிலோ இருந்தார்கள் என்றும் காட்டியது. இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் சோம்பேறிகளாக இருந்ததால் தண்டிக்கப்படவில்லை. உழைப்பு என்ற காரியத்தை உழைப்பு என்ற தகவலாக மாற்றத் தெரியாததால் தண்டிக்கப்பட்டார்கள்.

2019 மார்ச்சில் வாஷிங்டனில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க் இந்த ஏற்பாட்டை ரத்து செய்தார். தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. மெடிகெய்டு சட்டத்தின் நோக்கம் ஏழைகளுக்கு மருத்துவ உதவி தருவது. எத்தனை பேர் அந்த உதவியை இழப்பார்கள் என்று எண்ணிப்பார்க்காமல் ஓர் ஏற்பாட்டுக்கு அனுமதி அளித்தது சட்டத்துக்கு முரண். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை ஆமோதித்தது.

ஆனால் இந்தத் தர்க்கத்துக்கு ஒரு பலவீனம் இருந்தது. அது சட்டத்தின் மீது நின்றது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம், மாதம் 80 மணி நேரம் என்ற நிபந்தனையைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. 2010ஆம் வருஷ விரிவால் சேர்ந்த 19 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு, சில விலக்குகளுடன், 2027 ஜனவரி 1க்குள் மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும், அவர்களுடைய தகுதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. எது சட்டத்தின் நோக்கத்துக்கு விரோதம் என்று நீதிபதி சொன்னாரோ, அதுவே இப்போது சட்டம். இச்சட்டம் முழுவதன் விளைவாக 2034இல் காப்பீடு இல்லாதவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடியிருப்பார்கள் என்பது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சொந்த வரவுசெலவு அலுவலகத்தின் கணிப்பு. வேலை நிபந்தனைக்கென்று ஒரு சேமிப்பும் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. எல்லோரும் 80 மணி நேரத்தை ஒழுங்காகக் காட்டிவிட்டால் அந்தச் சேமிப்பு வராது. தவறப்போகிறவர்கள் தவறுவதற்கு முன்பே எண்ணப்பட்டுவிட்டார்கள்.

4

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலமான வடிவத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். பொதுப்பணம் என்பது உழைக்கிறவர்களின் பணம். பெறுகிறவனும் தன்னால் இயன்றதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவமானப்படுத்துவது ஆகாது. அவனைச் சமமானவனாக மதிப்பதால்தான் எதிர்பார்க்கிறோம். கைம்மாறு இல்லாத கொடை வாங்குகிறவனைச் சிறுமைப்படுத்தும். இது இளப்பமான வாதமல்ல. இதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

மெடிகெய்டைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் இதற்குச் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரிந்தது: அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே உழைக்கிறவர்கள். இது உண்மை. இந்த உண்மையைச் சொல்லும்போதே ஒன்று கைவிட்டுப் போய்விடுகிறது. பெரும்பாலோர் உழைக்கிறார்கள், ஆகவே காப்பாற்றுங்கள் என்றால், உழைக்காத மிச்சம் பேரை என்ன செய்ய? நூற்றுக்கு 95 பேரைக் காப்பாற்ற ஐந்து பேரை ஒப்புக்கொடுத்துவிட்டோம். நாளைக்கு அந்த ஐந்து பேரைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நூறு பேரின் கதவையும் தட்டுவார்கள். 2023 ஏப்ரலில் தொற்றுக்காலப் பாதுகாப்பு முடிந்து பட்டியல்கள் சரிபார்க்கப்பட்டபோது என்ன ஆயிற்று? 2024க்குள் 2 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டவர்கள். தகுதி இல்லை என்று கண்டு நீக்கப்பட்டவர்கள் அல்ல. கடிதம் வந்து சேரவில்லை, படிவம் திரும்பவில்லை.

ஆகவே மிச்சம் இருக்கும் அந்த ஒருவனை நேரே பார்ப்பது நல்லது. உழைக்க முடியும், உழைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவனுக்கு நோய் வந்தால்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சமூகம் 1986லேயே பாதிப் பதில் சொல்லிவிட்டது. ரேகன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின்படி, மெடிகேரில் பங்குபெறும் எந்த மருத்துவமனையும் தன் அவசரப் பிரிவுக்கு வருகிறவனைப் பணம் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக்கூடாது. பரிசோதிக்க வேண்டும், ஆபத்து நிலையைச் சமாளிக்க வேண்டும். அவன் எத்தனை மணி நேரம் உழைத்தான் என்று கேட்க முடியாது. சோம்பேறியும் வாசலில் சாகக்கூடாது என்பது தீர்மானமாகிவிட்டது. மிஞ்சியிருப்பது, அவன் வாசலில் வந்து விழும்வரை காத்திருப்பதா என்பது மட்டுமே. சர்க்கரை முற்றிக் கால் அழுகினால் பார்ப்போம், முற்றாமல் இருக்க மாத்திரை தரமாட்டோம் என்பது கைம்மாற்றுத் தத்துவம் ஆகாது. தத்துவம் என்று சொல்வதற்கே அதில் ஒன்றும் இல்லை. நடுவில் இருக்கும் காலத்தில் அவன் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கிறது.

கைம்மாறு கேட்பவர்கள் காரண காரியத்தையும் தலைகீழாக வைக்கிறார்கள். உழைப்பதற்கு உடம்பு வேண்டும். உடம்பு தேறிய பிறகு உழைப்பைக் கேட்கலாம். உழைப்பைக் காட்டிய பிறகு உடம்பைத் தேற்றுகிறேன் என்பது, விளைச்சலைக் காட்டினால் விதை தருகிறேன் என்பது போல.

ஆனால் உரிமை என்ற சொல்லை வைத்து மட்டும் இந்தச் சண்டையை முடித்துவிடலாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. 1943இல், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் லண்டனில் எழுதி, 1949இல் வெளியான நூலில் சிமோன் வெய்ல், கடமையை உரிமைக்கு முன்னால் வைக்கிறார். தனியாக இருக்கும் ஒரு மனிதனுக்கு உரிமை என்று எதுவும் இல்லை. மற்றவர்கள் தங்களுக்கு ஒரு கடமை உண்டு என்று ஏற்கும்போதுதான் அது உரிமையாக உயிர் பெறுகிறது என்பது அவர் நிலை. தொழிற்சாலையில் வேலை செய்து பார்த்தவர், நோயாளியாக 34 வயதில் இறந்தவர் அவர். இந்த வரிசை மாற்றம் சாமானியமானது அல்ல. உரிமை என்றால், இருக்கிறதா என்று நிரூபிக்க வேண்டியவன் கேட்கிறவன். கடமை என்றால், நிறைவேற்றினோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவன் கொடுக்கிறவன். விசாரணைக் கூண்டில் ஆள் மாறுகிறது. ஆர்கன்ஸாவில் நீதிபதி காப்பாற்றிய உரிமை ஆறே வருஷத்தில் ஒரு கையெழுத்தில் போய்விட்டது. அதற்குப் பின்னால் கடமையை ஏற்றவர்கள் போதுமான அளவு இல்லை.

5

காப்பாற்ற வேண்டியது என்ன என்பது இப்போது கொஞ்சம் தெளிவாகிறது. ஒதுக்கீட்டுத் தொகையைக் காப்பாற்ற வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் தொகை அப்படியே இருக்க, நிபந்தனைகளால் உள்ளே அரித்துவிட முடியும். ஒவ்வொரு மாதமும் இழக்கக்கூடிய காப்பீடு, மருந்தை விலை குறைத்துத் தரும் ஒரு சீட்டாக இருக்கலாம். ஆரிகனில் ஒரு மாதத்துக்குள் மனிதர்களைத் தேற்றிய பொருளாக அது இருக்காது. பயத்திலிருந்து விடுதலை தவணை முறையில் வருவதில்லை. இந்தச் செலவு யாருக்காவது அதிகமாகத் தோன்றினால், வருமானத்தைப் பார்த்து வரி போடும் அதே அலுவலகம் வருமானத்தைப் பார்த்துக் காப்பீட்டையும் கொடுத்துவிட்டுப் போகலாம். அதற்கு ஏழையின் இரவு நேரம் தேவையில்லை.

திருக்குறளில் 'நடுவு நிலைமை' அதிகாரம் 'தகுதி' என்ற சொல்லோடுதான் ஆரம்பிக்கிறது. பரிமேலழகர் அங்கே அந்தச் சொல்லுக்கு நடுவு நிலைமை என்றே பொருள் கொள்கிறார். பகைவர், அயலார், நண்பர் என்ற பாகுபாடு பாராமல் ஒழுகும் குணம். கவனித்தால், அந்த இடத்தில் தகுதி என்பது வாங்குகிறவனிடம் இருக்க வேண்டிய ஒன்றல்ல. தராசைப் பிடித்திருப்பவனிடம் இருக்க வேண்டியது. பிற்காலத்தில் எப்படியோ அது மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, நிற்பவனிடம் போய்விட்டது. சொல் போன வழியே கேள்வியும் போயிற்று. 2027இல் ஆர்கன்ஸாவிலோ வேறெங்கோ ஒருத்தி, தான் உழைத்த மணிகளைக் கணக்குக் காட்ட ஒரு திரையின் முன் உட்காருவாள். அவளுடைய தகுதி பரிசீலனையில் இருப்பதாகத் திரை சொல்லும். அந்தச் சொல்லின் பழைய அர்த்தத்தில் பார்த்தால், பரிசீலனையில் இருப்பது அவள் அல்ல.